கடைசியாகப் படித்தவை

சூரத்
3-8-2025

கருவக்குளம் ஊர்ப்புற நூலகர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் பாலமணிகண்டன். உங்கள் நூலகத்தில் உறுப்பினராக இருக்கும் அஷ்வினியின் கணவன். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தறிக்கார வீடு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருடமாக இங்கே ஒரு துணி மில்லில் செக்கராக இருக்கிறேன். மேஜை மேல் ஓடுகிற துணியில் எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

போனில் கேட்டிருப்பேன். போனில் பேசுகிறவர்கள் நாளைக்கு மாற்றிப் பேசுவார்கள். அதனால் எழுதுகிறேன். பதிலும் எழுத்தில்தான் வேண்டும்.

விஷயம் இதுதான். வார இதழ், மாத இதழ் எல்லாவற்றையும் டேப்லெட்டிலும் போனிலும் படிக்கிற வசதி இந்த வருடம் உங்கள் நூலகத்துக்கு வந்திருக்கிறது, அட்டை எண்ணும் நாலு இலக்க ரகசிய எண்ணும் இருந்தால் போதும் என்று அஷ்வினி சொன்னாள். இங்கே தமிழ்ப் பத்திரிகை கிடைக்காது என்று அந்த எண்களை எனக்கும் கொடுத்தாள். நானும் சாப்பாட்டு இடைவேளையில் படிக்கிறேன். அந்தச் செயலியில் ‘கடைசியாகப் படித்தவை’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. போன வாரம் தற்செயலாகத் திறந்தேன். நான் படிக்காதவையெல்லாம் அதில் வரிசையாக நிற்கின்றன. நான் படிக்கவில்லை என்றால் அவள் படித்தது. குடும்பப் பெண் படிக்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். அவள் எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு நூலகத்துக்கு வந்தாள்? தனியாக வந்தாளா? இதையெல்லாம் படி என்று அவளுக்கு எடுத்துக் கொடுக்கிறவர் யார்?

இப்படிக் கேட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். பதிலை இந்த மில் முகவரிக்கே அனுப்புங்கள். உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போதைக்கு.

இப்படிக்கு,
பாலமணிகண்டன்


கருவக்குளம்
11-8-2025

திரு. பாலமணிகண்டன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுதியவர் நீங்கள்தானா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

தவறாக நினைக்காதீர்கள். போன மாதம் ஒருவர் வாசகர்போல வந்து அரை நாள் உட்கார்ந்திருந்தார். டேப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார், என்னிடம் பத்துக் கேள்வி கேட்டார், இரண்டு டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். போன பிறகுதான் ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று தெரிந்தது. அதிலிருந்து புது முகம், புதுக் கையெழுத்து எதைப் பார்த்தாலும் எனக்கு ஓர் உதறல். உங்கள் கடிதமும் அப்படி எனக்கு வைத்த பொறியாக இருக்கலாம்.

நீங்கள் உண்மையிலேயே அவர் கணவர்தான் என்றாலும் பதில் ஒன்றுதான். ஒரு வாசகர் என்ன படிக்கிறார், எப்போது வருகிறார் என்று நான் இன்னொருவரிடம் சொல்வதில்லை. கணவரானாலும் சரி, பெற்றவரானாலும் சரி. இருபத்தொரு வருடமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். யார் வீட்டுக்கு எந்தப் புத்தகம் போயிற்று என்று நான் வாயைத் திறந்திருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் படிப்பதையே விட்டிருப்பார்கள்.

இன்னொன்று. உறுப்பினர் அட்டை எண்ணையும் ரகசிய எண்ணையும் வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று விண்ணப்பத்திலேயே இருக்கிறது. நீங்கள் எங்கள் உறுப்பினர் அல்ல. மனைவி அட்டையில் படிக்கிறேன் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் புகார் எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் கேள்வி கேட்பதற்கு முன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்
நூலகர்


சூரத்
17-8-2025

நூலகர் அம்மா அவர்களுக்கு,

என் ஆதார் நகலும் எங்கள் கல்யாணப் பத்திரிகையும் இணைத்திருக்கிறேன். நான் நான்தான். சந்தேகம் தீர்ந்ததா?

நீங்கள் மறைக்க மறைக்க எனக்குத் தெளிவாகிறது. மறைக்க ஒன்றும் இல்லாதவர் பதில் சொல்லியிருப்பார். சரி, நானே சொல்கிறேன், கேளுங்கள். ‘பிரிந்து வாழும் பெண்ணுக்கு என்ன உரிமை?’ என்று ஒரு கட்டுரை. ‘சீதன நகையைத் திரும்பப் பெறுவது எப்படி?’ என்று அடுத்தது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதிகள் பற்றி ஒன்று. முப்பது வயதுக்கு மேல் படிக்கலாமா என்று ஒன்று. பெண்கள் தனியாகப் பயணம் போவதற்குப் பத்து யோசனை. ஆறாவது, ‘மனம் விட்டுப் பேசாத ஆணோடு வாழ்வது’. ஏழாவதாக ஒரு காதல் தொடர்கதை, பதினான்கு அத்தியாயம். இதை வரிசையாக வைத்துப் பாருங்கள். நகை, விடுதி, படிப்பு, பயணம். ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு இதைவிடத் திட்டம் வேண்டுமா?

இன்னும் கேளுங்கள். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி பகல் பதினொன்றேகாலுக்கு அந்த விடுதிக் கட்டுரை திறக்கப்பட்டிருக்கிறது. அன்றைக்கு என் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதாகவும், சாயங்காலம்தான் திரும்பியதாகவும் அஷ்வினி என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் கேட்டேன். “ஆமாப்பா, என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா” என்கிறார். என்னைப் பெற்ற அம்மாவையே பொய் சொல்ல வைத்துவிட்டாள் பாருங்கள்.

அம்மா, நான் கெட்டவன் இல்லை. பதினைந்து நாளாக அவளிடம் பேசவில்லை. அவள் போன் அடிக்கும்போது திரையில் அவள் படம் வரும், பார்த்துக்கொண்டே இருப்பேன், எடுக்க மாட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. நேற்று ஒரு துணியில் நாலு விரல் அகலக் கிழிசலை விட்டுவிட்டேன். மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை, எனக்கே வெட்கமாக இருந்தது.

அவளை இனி நூலகத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இந்த ஏழையும் எழுதி, எதற்காகப் படித்தாய் என்று கேட்டு அவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். “நான் படிக்கலைங்க” என்று ஒற்றை வரி வந்தது. தீபாவளிக்கு வருகிறேன். அதற்குள் உண்மை வராவிட்டால் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். பிறகு ஊர் உங்களைத்தான் கேட்கும்.

பாலமணிகண்டன்


கருவக்குளம்
24-8-2025

தம்பி பாலமணிகண்டனுக்கு,

இனித் தம்பி என்றுதான் எழுத வரும். கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பிறந்த நட்சத்திரம் வரை இருக்கிறது. ஆதார்ப்படி என் முதல் மகன் வயதுக்குக் கொஞ்சம் கூட.

நான் சொல்லப்போவது என் வேலைக்கு உலை வைக்கிற விஷயம். அதனால் நேற்றே டவுனுக்குப் போய் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். விளக்கம் கேட்டு மெமோ வரும், வரட்டும். இந்தக் கடிதத்தைக் காட்டி நீங்கள் என்னை மிரட்ட முடியாது. உங்களை முழுசாக நம்புகிறேன் என்று சொல்லவில்லை.

எங்கள் நூலகத்தில் ஒரே ஒரு டேப். சட்டப்படி ஒவ்வொரு வாசகரும் தன் அட்டை எண்ணைப் போட்டு நுழைய வேண்டும், படித்து முடித்ததும் வெளியேற வேண்டும். சொந்தப் போனில் ரகசிய எண் போதும், ஆனால் இந்தப் பொது டேப்பில் ஒவ்வொரு முறை நுழையும்போதும் அவரவர் போனுக்கு ஓடிபி வரும். தம்பி, உங்களுக்கு இந்த ஊர் தெரியும். நூலகக் கட்டடத்துக்குள் சிக்னல் கிடையாது. பந்தல்குடிப் பக்கம் இருக்கிற டவர், காற்று அடிக்கிற திசையைப் பார்த்துத்தான் எங்களுக்கு வேலை செய்யும். ஓடிபி வேண்டுமானால் பஸ் ஸ்டாப் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். அங்கே எண்ணைப் பார்த்துவிட்டு ஓடி வருவதற்குள் நேரம் முடிந்துபோகும். வயதானவர்கள் எப்படி ஓடுவார்கள்? இங்கே வருகிற பெண்களில் பாதிப் பேருக்குப் போனே கையில் இல்லை. புருஷனிடமோ மகனிடமோ இருக்கும். “இந்த எண்ணு எதுக்கு வந்துச்சு”ன்னு வீட்டில் கேட்பார்களே என்று பயந்து படிக்காமலே போனவர்கள் உண்டு.

இந்த வசதி வந்த முதல் நாள் ஓடிபி ஒழுங்காக வந்தது அஷ்வினிக்கு மட்டும்தான். அவர் படித்துவிட்டுப் போன பிறகு நான் வெளியேறும் பொத்தானை அழுத்தவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து ஐந்து மாதமாக அந்த டேப் உங்கள் மனைவி அட்டையிலேயே திறந்து கிடக்கிறது. கருவக்குளமே அதில்தான் படிக்கிறது. நல்லது செய்கிறோம் என்று நினைத்தேன். யார் தலையில் போய் விடியும் என்று நினைக்கவில்லை. தப்பு என்னுடையது.

நீங்கள் ஏழு தலைப்பு எழுதினீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அதே பக்கத்தை நானும் பார்க்கிறேன், நாற்பத்தொன்று இருக்கிறது. வெள்ளாட்டுக் குடற்புழுவுக்கு மருந்து பற்றி இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் என்ன செய்வது என்பது ஆறு முறை திறக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஒரு சென்ட் நிலம் உண்டா? கிரிக்கெட் பதினொரு முறை. சர்க்கரை நோய்க்குக் கேழ்வரகு, போலீஸ் வேலைக்கு வினா விடை, மூட்டு வலி. செக்கர் கண்ணுக்கு இதெல்லாம் படவில்லையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமைகளில் திறந்தவை நாலைந்து இருக்கின்றன, அவை உங்களுடையவை. ‘துணை பொய் சொல்கிறாரா? முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்’ என்பதை நான்கு முறை படித்திருக்கிறீர்கள். அதை இங்கே பல் குத்திக்கொண்டு டேப்பைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஏழில் சட்டம் பற்றிய கட்டுரைகளைப் படித்தவர் வேறொருவர். வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர், போகிற வழியில் வந்து படிப்பார். அவர் பேர் உங்களுக்குத் தேவையில்லை. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி உங்கள் மனைவி இந்தப் பக்கமே வரவில்லை. வராததைச் சொல்ல எனக்கு எந்த விதியும் தடை இல்லை. உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை.

அவரிடம் இன்றைக்கே பேசுங்கள். ஒன்பது நாளைக்கு முன்னால் வீட்டு வாசலில் நின்று உங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நீங்கள் எடுக்கவில்லை போலிருக்கிறது. பிறகு தன் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினார். நீங்கள் வீட்டில் பேசுகிற கன்னடம் எனக்குப் புரியாது. அழுதது புரிந்தது.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்


சூரத்
31-8-2025

அக்கா அவர்களுக்கு,

என் வயிற்றில் பாலை வார்த்தீர்கள். கடிதத்தை மில் வாசலில் நின்றே இரண்டு தடவை படித்தேன். அன்றைக்குத்தான் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். உங்கள் மேல் புகார் எதுவும் எழுத மாட்டேன், கவலை வேண்டாம்.

அந்த நாற்பத்தொன்றை நான் பார்க்காமல் இல்லை. ஆட்டுப் புழுவெல்லாம் கண்ணில் பட்டது. என்னை ஏமாற்றுவதற்காக நடுநடுவே திறந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

அஷ்வினிக்கு உடனே மெசேஜ் போட்டேன். ‘நூலகத்து அக்கா எல்லாம் சொல்லிவிட்டார்கள், உன்னை மன்னித்துவிட்டேன், இனிமேல் வழக்கம்போல இருப்போம்’ என்று. பார்த்துவிட்டாள், நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருப்பாள். நூலகத்துக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரே ஒரு சின்ன விஷயம். நாற்பத்தொன்றில் மற்றவர்களுடையதைக் கழித்துவிட்டால் அவள் படித்தது என்று கொஞ்சம் மிஞ்சும் அல்லவா? அது எது எது என்று மட்டும் டிக் போட்டு அனுப்புங்கள். பேர் எதுவும் எழுத வேண்டாம், டிக் போதும். சந்தேகத்தினால் கேட்கவில்லை. அவளுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். காதல் தொடர்கதை அவள் படித்தது இல்லையே? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

அன்புடன்,
பாலமணிகண்டன்


கருவக்குளம்
8-9-2025

தம்பிக்கு,

டிக் எதுவும் போடவில்லை. போட மாட்டேன் என்று உங்களுக்குத் தெரிந்தும் கேட்டீர்கள், எனக்கு வருத்தம்தான். அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிய ஊரைக் கழித்துப் பார்க்க வேண்டுமா? கேட்டால் சொல்ல மாட்டாரா?

இனி நான் எழுதுவது அஷ்வினி எழுதச் சொல்லி எழுதுவது. அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரி எழுதவில்லை.

போன புதன்கிழமை காலையில் உங்கள் அம்மா சௌடேஸ்வரியம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரைக் கையோடு கூட்டி வந்தார். நுழையும்போதே, “என் கண்ணை அறுத்தது நெசந்தானான்னு சூரத்துல விசாரணை நடக்குதாம்ல. கட்டுப் பிரிச்ச பஞ்சைப் பார்சல்ல அனுப்பட்டா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அஷ்வினி சிரிக்கவில்லை.

நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். “உங்க தப்பு என்னக்கா, பொத்தானை அமுக்காம விட்டீக. அவ்வளவுதான?” என்றார். பிறகு உங்கள் மெசேஜைக் காட்டினார். “மன்னிச்சுட்டாராம். எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். 

முதல் வேலையாகப் பழைய அட்டையை ரத்து செய்யச் சொன்னார். புது அட்டைக்குத் தன் போன் எண்ணையே கொடுத்தார். வேப்பமரத்தடிக்கும் நூலகத்துக்கும் மூன்று தடவை ஓடினார். மூன்றாவது தடவைதான் ஓடிபி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. ரகசிய எண்ணை நான் திரும்பி நின்றபோது போட்டார். எனக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியாது.

பிறகு நீங்கள் அனுப்பிய ஏழு தலைப்பையும் போனில் எடுத்து என் முன்னால் வைத்தார். “இந்த ஏழும் எங்க இருக்குன்னு எடுத்துக் குடுங்கக்கா.”

“எதுக்கும்மா, விடு. முடிஞ்சு போச்சுல்ல” என்றேன்.

“நான்தான் படிச்சேன்னு ஒரு மாசமா ஒரு மனுசன் என்கிட்டப் பேசாம இருந்தாரு. என்னன்னே தெரியாம அழுதுக்கிட்டுக் கெடந்தேன். படிக்காமலே அனுபவிச்சாச்சு. அதுல என்னதான் இருக்குன்னு படிச்சாவது பாக்குறேன்.”

வாசகர் கேட்டால் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கே முதல் இரண்டையும் படித்தார். மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்து, முதலாவதைத் திரும்பப் படித்துக் குறிப்பு எடுத்தார். ஆறாவதைப் படித்தபோது மட்டும் ஒரு தடவை சிரித்துவிட்டு, அதே பக்கத்தைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். நேற்றோடு ஏழும் முடிந்தது. தொடர்கதை பிடிக்கவில்லையாம், பாதியில் வைத்துவிட்டார்.

முந்தாநாள், “விடுதிக்குச் சேர ஆதார் மட்டும் போதுமாக்கா, இல்ல வேற யார் கையெழுத்தும் வேணுமா?” என்று கேட்டார். எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை. உங்கள் அம்மாவும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“இதையெல்லாம் அவருக்கு எழுதட்டுமா?” என்றேன். “எழுதுங்க. இப்ப நான் படிச்சது உண்மதான” என்றார்.

எனக்கு மெமோ வந்துவிட்டது. என் பாடு நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் பாட்டைப் பாருங்கள்.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்


சூரத்
14-9-2025

அக்கா,

செயலி என்னை வெளியே தள்ளிவிட்டது. புது எண் கேட்கிறது.

அஷ்வினியிடம் தினமும் பேசுகிறேன். முதல் மணியிலேயே எடுக்கிறாள். நல்லா இருக்கீங்களா என்கிறாள், சாப்பிட்டீங்களா என்கிறாள், அத்தைக்குக் கண் தேவலை என்கிறாள். முன்பெல்லாம் ஏதாவது சொல்லிச் சண்டை போடுவாள். இப்போது போடுவதில்லை. கேட்டதற்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்கிறாள். அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கேட்ட மன்னிப்பைக்கூட, “சரிங்க” என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தீபாவளி வரைக்கும் காத்திருக்க முடியாது. இருபத்தொன்பதாம் தேதி ரயில் ஏறுகிறேன். அதற்குள் ஓர் உதவி செய்யுங்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவள் என்னென்ன படிக்கிறாள் என்று இனிக் கேட்க மாட்டேன். அந்த ஏழில் முதலாவதையும் விடுதியையும் ஆறாவதையும் மட்டும் எப்படியாவது பிரதி எடுத்து அனுப்புங்கள், முடியாவிட்டால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது நாலு வரியில் சொல்லுங்கள். அவள் எதைத் தெரிந்துகொண்டு என் முன்னால் நிற்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் தலைப்புகளை மட்டும்தான் பார்த்தேன். ஒன்றைக்கூடத் திறந்து படிக்கவில்லை.

பாலமணிகண்டன்